ரூட் அதிகாரத்தில் ஓடும் ஷெல்லுக்கு உள்ளீடு தரும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயனர் தந்த கோப்புப் பெயரைக் கட்டளைச் சரத்தோடு ஒட்டி, அதை ரூட் (லினக்ஸ் போன்ற அமைப்புகளில் எல்லா உரிமையும் உள்ள நிர்வாகிக் கணக்கு) அதிகாரத்தில் ஓடும் ஷெல்லிடம் (எழுத்துக் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரல்) ஒப்படைக்கும் நிரல்கள் இன்றும் எழுதப்படுகின்றன. சி மொழியின் சிஸ்டம் செயற்கூறு, தனக்குத் தரப்பட்ட சரத்தை இப்படித்தான் ஷெல்லிடம் ஒப்படைக்கிறது. வந்து சேர்ந்த சரத்தில் எது தரவு, எது கட்டளை என்று பிரித்தறிய ஷெல்லுக்கு வழியே இல்லை. பெயரின் நடுவே ஓர் அரைப்புள்ளி இருந்தால், அதற்குப் பின் வருவதைப் புதிய கட்டளையாக எடுத்துக்கொண்டு ரூட்டின் முழு அதிகாரத்தோடு ஓட்டிவிடும்.

இதை அறிந்தவர்கள் செய்யும் அடுத்த தவறுதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஆபத்தான குறிகளைப் பட்டியலிட்டு நீக்கினால் போதும் என்று அவர்கள் நம்புகிறார்கள். அரைப்புள்ளியையும், ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் குழாய்க்குறியையும் நீக்கியவர் புதுவரிக் குறியை மறந்திருப்பார். அதையும் சேர்த்தவர், உள்ளே இருப்பதைக் கட்டளையாக ஓட்டச் செய்யும், டாலர் குறியோடு வரும் அடைப்புக்குறிகளை விட்டிருப்பார். ஒற்றை மேற்கோளுக்குள் அடைத்து அனுப்பினாலும், உள்ளீட்டிலேயே ஒரு மேற்கோள் குறி இருந்தால் அந்த அடைப்பு அங்கேயே முடிந்துவிடும். ஆகவே ஷெல்லை இடையில் கொண்டுவராமல், நிரலின் முழுப் பாதையையும் ஒவ்வோர் ஆர்க்யுமென்டையும் (நிரலுக்குத் தரப்படும் கோப்புப் பெயர் போன்ற உள்ளீடு) தனித்தனியாக, ஒரு நிரலை நேரடியாக ஓட்டும் எக்ஸெக் குடும்ப அழைப்புகளுக்குத் தருவதே சரியான வழி.

அப்போதும் ஒரு பொறி மிச்சமிருக்கிறது. சிறுகோட்டில் தொடங்கும் கோப்புப் பெயரைப் பல கருவிகள் ஆப்ஷனாகவே, அதாவது தங்கள் செயல்பாட்டை மாற்றும் அறிவுறுத்தலாகவே படிக்கும். கோப்புகளை ஒன்றாகக் கட்டும் கருவியான க்னூ டாரில் வேறொரு கட்டளையை ஓட்டச் சொல்லும் ஆப்ஷனே உண்டு. பெரும்பாலான கருவிகளில், பெயர்களுக்கு முன் இரட்டைச் சிறுகோடு இட்டால் இது தடைபடும்.

ஆர்க்யுமென்டுகளை மட்டும் கவனித்துவிட்டு, ஒரு நிரல் தன்னை அழைத்தவரிடமிருந்து பெறும் பெயர்-மதிப்பு அமைப்புகளான சூழல் மாறிகளை மறப்பதும் தவறு. 2014 செப்டம்பரில் வெளிப்பட்ட ஷெல்ஷாக் குறையில், சூழல் மாறியின் மதிப்பில் செயற்கூறு வரையறையைத் தொடர்ந்து ஒட்டியிருந்த கட்டளைகளை, பரவலாகப் பயன்படும் ஷெல்லான பாஷ் தொடங்கும்போதே ஓட்டிவிட்டது. எனவே கூடுதல் அதிகாரமுள்ள நிரல், அழைத்தவரின் சூழலைக் களைந்து, பாத் (நிரல்களை எந்தக் கோப்புறைகளில் தேடுவது என்று சொல்லும் மாறி) உட்படத் தேவையானவற்றைத் தானே அமைத்துக்கொள்ள வேண்டும்.

குறிப்பிட்ட கட்டளைகளை ரூட் அதிகாரத்தில் ஓட்டப் பயனர்களுக்கு அனுமதி தரும் சுடோ விதிகளில், எந்தப் பெயருக்கும் பொருந்தட்டும் என்று நட்சத்திரக் குறி இடுவோரும் ஏமாறுகிறார்கள். லாக் (பதிவேடுகள்) கோப்புறையில் உள்ளவற்றை மட்டும், கோப்பின் உள்ளடக்கத்தைக் காட்டும் கேட் கட்டளையால் படிக்க அனுமதித்ததாக அவர்கள் எண்ணியிருக்க, ஆர்க்யுமென்டில் வரும் அந்த நட்சத்திரம் இடைவெளிக்கும் சாய்கோட்டுக்கும் பொருந்துவதால், கடவுச்சொற்களின் மறைவடிவங்களான ஹாஷ்கள் உள்ள ஷேடோ கோப்பையும் இரண்டாவது பெயராகச் சேர்த்துப் படித்துவிட முடியும். அனுமதிக்கும் கோப்புகளை ஒவ்வொன்றாக, முழுப் பாதையோடு விதியில் எழுதுவதே பாதுகாப்பானது.