மழையில் மோசல் நதிக்கரையோரம் நான்கு நாள் சைக்கிள் பயணம்: ஈரத்தைச் சமாளிப்பது எப்படி?

ஜெர்மனியில் ட்ரியர் நகரிலிருந்து கோப்லென்ஸ் வரை, மோசல் நதியை ஒட்டியே சுமார் 200 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை போகிறது. சரிவெல்லாம் திராட்சைத் தோட்டம், பெரும்பாலும் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயின் திராட்சை. அறுவடையைப் பார்க்கும் ஆசையில் அக்டோபரில் போனேன். நான்கு நாளில் மூன்று நாள் மழை. பாதை ஏறக்குறைய சமதளம்தான், ஓட்டுவதில் கஷ்டமில்லை. கஷ்டம் எல்லாம் ஈரத்தால் வந்தது. அதிலும் மேலே விழும் மழையை விட, உள்ளே புகுந்து தங்கிவிடும் தண்ணீர்தான் ஆளைப் படுத்தியது.

படி 1: சைக்கிள்

முழு நீள மட்கார்டு கட்டாயம். அப்புறம் டயர். இந்தச் சரிவுகளில் கிடப்பது சிலேட்டுக் கல். பகல் வெயிலை வாங்கி வைத்து இரவில் சூடாக விடுவதால், இவ்வளவு வடக்கே திராட்சை பழுக்க அது கைகொடுக்கிறது. மழை பெய்தால் அதே கல்லின் சில்லுகள் பாதைக்கு அடித்துக்கொண்டு வரும். காய்ந்த ரப்பரை விட ஈர ரப்பரைக் கூரான கல் சுலபமாக அறுத்துவிடும். அதனால் நான் ஷ்வால்பே மாரத்தான் பிளஸ்தான் போடுவேன். கனமான டயர்தான், ஆனால் மழையில் நின்று பஞ்சர் ஒட்டுவதற்கு அது எவ்வளவோ மேல்.

டிஸ்க் பிரேக் இருந்தால் நல்லது. சக்கர விளிம்பைக் கவ்வும் ரிம் பிரேக் என்றால் தினமும் மாலையில் பிரேக் கட்டையைப் பாருங்கள். கரகர சத்தம் கேட்டால் மணலோ அலுமினியத் துணுக்கோ அதில் பதிந்திருக்கும். குண்டூசியால் நோண்டி எடுத்துவிடலாம். செயினைத் துடைத்து, மழைக்கான எண்ணெய் விடுங்கள்.

படி 2: கால்

முதல் நாள் நான் மழைக்கால்சட்டையின் விளிம்பை ஷூ கவருக்குள் செருகிக்கொண்டேன். பார்க்க அதுதான் சரி என்று தோன்றும். ஒரு மணி நேரத்தில், காலில் வழிந்த தண்ணீர் எல்லாம் ஷூவுக்குள் இறங்கி, ஒவ்வொரு மிதிக்கும் சளக் சளக் என்றது. வெளியே போக வழியில்லாமல் தண்ணீர் அங்கேயே நின்றுவிட்டது. கால்சட்டை எப்போதும் ஷூ கவருக்கு மேலே வர வேண்டும், ஓட்டு வீட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மேல் படிவது போல. கையுறைக்கும் இதே கணக்குதான்: கோட்டின் கை மேலே, கையுறை உள்ளே.

படி 3: பை

சைக்கிளின் இரு பக்கமும் தொங்கும், வாயைச் சுருட்டி மூடும் ஓர்ட்லீப் பைதான் என் தேர்வு. மூன்று நான்கு சுற்றாவது சுருட்டுங்கள். அவ்வளவும் செய்தும் என் துணி நனைந்தது, மழையால் அல்ல.

இலையுதிர் காலத்தில் அங்கே ஃபெடர்வைஸர் கிடைக்கும். பாதி நொதித்த புது ஒயின். பாட்டிலுக்குள் இன்னும் நொதித்துக்கொண்டே இருப்பதால் மூடியை இறுக்க மாட்டார்கள், வாயு வெளியேற வழி வேண்டும். அது தெரியாமல் பாட்டிலைப் படுக்க வைத்துவிட்டேன். தண்ணீர் புகாத பையிலிருந்து ஒயினும் வெளியே போகாது. இரவுக்கு வைத்திருந்த ஒரே உலர்ந்த துணி அதில் ஊறிக்கிடந்தது.

ஆகவே இரவு உடையும் ஒரு ஜோடி சாக்ஸும் தனியாக ஒரு சின்ன உலர்பையில் போகட்டும். பகலில் அதைத் திறக்கவே கூடாது. நனைந்த கோட்டை அடுத்த பக்கத்துப் பையில் போடுங்கள். பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், அல்லது வாங்கிய இடத்திலேயே குடித்துவிட்டு அந்த ஊரிலேயே தங்கிவிடுங்கள்.

படி 4: இரவு

'பெட்+பைக்' பலகை உள்ள விடுதியாகத் தேடுங்கள். ஒரே ஒரு இரவுக்கும் இடம் கொடுப்பார்கள், சைக்கிளைப் பூட்டி வைக்க இடமும் துணி உலர்த்த வசதியும் இருக்கும். ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து, உள்ளே செய்தித்தாளைத் திணியுங்கள். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்த்தால் தாள் கனத்துத் தொங்கும். மாற்றுங்கள், படுக்கும் முன் இன்னொரு முறை மாற்றுங்கள். ஹீட்டர் மேல் மட்டும் வைக்காதீர்கள், பசை விட்டுவிடும்.

படி 5: ரயில்

மழை வலுத்தால் ரயில் ஏறிவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பயணத்தின் முதல் பாதியில் அது அவ்வளவு சுலபமில்லை. ட்ரியரைத் தாண்டியதும் முக்கிய ரயில் பாதை நதியை விட்டு விலகிப் போய், புல்லாய் என்ற ஊருக்கு அருகில்தான் மறுபடி வந்து சேர்கிறது. இடையில் டிராபென்-டிரார்பாக்கிலிருந்து புல்லாய்க்கு ஒரு கிளைப் பாதை உண்டு. அதற்குப் பிறகு கோக்கெம் வழியாகப் பல ஸ்டேஷன்கள் உண்டு. எனவே நீளமான ஓட்டத்தை மழை குறைவான நாளில் முதல் பாதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை: நதியில் வெள்ளம் ஏறினால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தார்கள். கரையோரப் பாதைதான் முதலில் முழுகும். தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் பார்க்க இறங்க வேண்டாம், ஊருக்குள் ஏறி மேல் சாலையில் போங்கள். அறுவடை நேரத்தில் அங்கே டிராக்டர் சக்கரம் கொட்டிவிட்டுப் போன களிமண் கிடக்கும், வளைவுகளில் வழுக்கும். அது மட்கார்டுக்குள் அடைத்துக்கொண்டு சக்கரம் இறுகினால், ஒரு சின்னக் குச்சியால் தள்ளிவிடுங்கள்.