ஆங்கிலத்தில் கால், தமிழில் காது: ‘புல் சம்ஒன்ஸ் லெக்’

‘புல் சம்ஒன்ஸ் லெக்’ என்றதும் நமக்குக் ‘காலை வாரிவிடுவது’தான் ஞாபகம் வரும். சறுக்கல் அங்கேதான். காலை வாருவதில் துரோகம் இருக்கிறது. ஆங்கிலக் காலிழுப்பு வெறும் விளையாட்டு: இல்லாத ஒன்றை முகம் மாறாமல் சொல்லி, கேட்பவர் நம்புகிறாரா என்று பார்ப்பது. தமிழில் இதற்குக் கால் உதவாது, காதுதான். “எனக்கே காது குத்துறியா?”, “காதுல பூ சுத்தாதே” இரண்டும் கிட்டத்தட்ட அதே பொருள்.

பக்கத்து சீட்டுக்காரர், “நாளைக்கு ஆபீஸ் லீவாம்” என்கிறார். உங்களுக்குச் சந்தேகம். “ஆர் யூ புல்லிங் மை லெக்?” என்று கேட்கலாம். அவர் சிரித்துவிட்டு, “ஐ வாஸ் ஒன்லி புல்லிங் யுவர் லெக்” என்றால் “சும்மா சொன்னேன்ப்பா” என்று அர்த்தம்.

வினையின் காலத்தையும், மை, யுவர், ஹிஸ், ஹெர் என்ற சொல்லையும் தேவைக்கேற்ப மாற்றலாம். மற்றதில் கைவைக்கக் கூடாது. ஆளுக்கு இரண்டு கால் இருக்கிறதே என்று ‘புல்லிங் மை லெக்ஸ்’ என்றால், யாரோ நிஜமாகவே காலைப் பிடித்து இழுப்பதாகிவிடும்.

நம் கல்லூரிகளில் எல்லாக் கலாய்ப்புக்கும் ‘லெக் புல்லிங்’தான். நமக்குள் அது செல்லும். ஆனால் ஒருவருடைய புது ஹேர்கட்டைக் கிண்டலடித்ததை ஒரு பிரிட்டிஷ்காரரிடம் இப்படிச் சொன்னால், “என்ன பொய் சொன்னீர்கள்?” என்று விழிப்பார். அதற்கு ‘டீஸ்’ அல்லது ‘மேக் ஃபன் ஆஃப்’ போதும். அலுவலகத்தில் குழிபறிப்பதையும் இங்கே சிலர் லெக் புல்லிங் என்கிறார்கள். அதற்குச் சரியான சொல் ‘அண்டர்மைன்’. ஏமாற்றிப் பணத்தைக் கறந்துவிட்டால் அது விளையாட்டே இல்லை, “ஹி டுக் மீ ஃபார் எ ரைட்” என்று சொல்ல வேண்டும்.

திருடர்கள் காலைத் தட்டிவிட்டதில் பிறந்தது, தூக்கில் தொங்கியவரின் காலை இழுத்ததில் பிறந்தது என்றெல்லாம் இதற்குக் கதைகள் உண்டு. எதற்கும் ஆதாரமில்லை. அச்சில் இது 19-ஆம் நூற்றாண்டிலிருந்து கிடைக்கிறது.

பேச்சு வழக்குத் தொடர் இது. புகார்க் கடிதத்திலோ அலுவலக அறிக்கையிலோ எழுதாதீர்கள்.

நம்பவே முடியாத புளுகு வந்தால் பிரிட்டனில் ஒரு பதிலடி உண்டு: “புல் தி அதர் ஒன், இட்ஸ் காட் பெல்ஸ் ஆன்.” அதாவது, இன்னொரு காலை இழு, அதில் மணி கட்டியிருக்கிறது. மேலதிகாரியிடம் மட்டும் வேண்டாம்.