நண்பருடன் மாதிரி ரயில் மாநாட்டுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கு

பெரிய மண்டபம், நடுவில் ஓடும் ரயில்கள், சுற்றிலும் கடைகள்: இது ரயில் ஷோ. டிக்கெட் வாங்கி உள்ளே போனால் போதும். அமெரிக்காவில் மாநாடு என்று சொல்வது வேறு. 1935இல் மில்வாக்கியில் தொடங்கிய தேசிய மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ, நாட்டைப் பல வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர்களுக்கு பசிபிக் கோஸ்ட் ரீஜன். வட்டார மாநாடு ஒரு ஹோட்டலில் சில நாட்கள் நடக்கும். ஆனால் அதன் ருசியான பகுதி ஹோட்டலுக்கு வெளியே, யாரோ ஒருவரின் வீட்டு கராஜில் போட்டிருக்கும் லேஅவுட்டில், அதாவது தண்டவாளமும் ஊருமாக அமைத்த மாதிரி ரயில் பாதையில் இருக்கிறது. அங்கே இரண்டு பேராகப் போவதுதான் நல்லது. ஏன் என்று நான்காம் படியில் சொல்கிறேன்.

படி 1: பெயர் கொடுப்பது

மாநாட்டுக் கட்டணம் கட்டியதோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். ஆப்பரேட்டிங் செஷன் (வீட்டு லேஅவுட்டில் நிஜ ரயில்வே போலவே ரயில் ஓட்டுவது), விருந்து போன்றவற்றுக்குப் பெரும்பாலும் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டும். ஆப்பரேட்டிங் செஷனுக்கு ஒரு வீட்டில் சிலருக்குத்தான் இடம் இருக்கும், சீக்கிரம் நிரம்பிவிடும். இருவரும் ஒரே வீட்டைக் கேளுங்கள். புதியவர்கள் என்று முன்பே சொல்லிவிட்டால், எளிதான லேஅவுட்டாகப் பார்த்து அனுப்புவார்கள்.

படி 2: இரண்டு அளவுகள்

எச்ஓ (HO) என்றால் 1:87, அதாவது நிஜ ரயிலில் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மி.மீ. ‘என்’ (N) என்றால் 1:160, அகலம் 9 மி.மீ. போவதற்கு முன் இது போதும். மற்றதெல்லாம் அங்கே காதில் விழும்.

படி 3: கிளினிக்

மருத்துவம் இல்லை, வகுப்பு! மரம் செய்வது, பெட்டிகளுக்குத் துரு வண்ணம் பூசுவது, டிசிசி (ஒவ்வொரு இன்ஜினையும் தனித்தனியாக இயக்கும் டிஜிட்டல் முறை) வயரிங் என்று ஒரே நேரத்தில் பல அறைகளில் நடக்கும். ஒட்டிக்கொண்டே திரியாமல் ஆளுக்கொரு அறைக்குப் போய்விட்டு, சாப்பாட்டு நேரத்தில் கதையை மாற்றிக்கொள்ளுங்கள். வயரிங் வகுப்புக்கு யார் போவது என்று சண்டை வரும். காசு சுண்டிப் பாருங்கள்.

படி 4: ஆப்பரேட்டிங் செஷன்

இங்கே ரயில் சும்மா வட்டமடிக்காது, வேலை செய்யும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு அட்டை, அதில் ஒரு வேபில்: எங்கிருந்து எங்கே, என்ன சரக்கு. பல லேஅவுட்களில் ஒரு ரயிலுக்கு இருவர். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைப் பிடித்து ஓட்டுபவர் இன்ஜினியர். அட்டைகளைப் படித்து, எந்தப் பெட்டியை எங்கே விடுவது, தண்டவாளம் பிரியும் இடத்து ஸ்விட்சை எப்போது மாற்றுவது என்று சொல்பவர் கண்டக்டர். நண்பர் கூட இருந்தால் இது களைகட்டும். பின்னால் இருக்கும் தொழிற்சாலைக்குப் பெட்டி விட வேண்டும், இன்ஜினோ தப்பான முனையில் நிற்கிறது என்றால், “நிறுத்துடா, முதலில் சுற்றி வா” என்று தெரியாதவரிடம் சொல்ல முடியுமா? பாதியில் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள்.

சுவரில் வேகமாக ஓடும் கடிகாரம் இருக்கலாம். 4:1 என்றால் உங்கள் ஒரு நிமிடம் அங்கே நான்கு நிமிடம். பதறாதீர்கள், தாமதமான ரயில் அங்கே புதிதல்ல. எந்த ரயில் எப்போது போகலாம் என்று சொல்லும் டிஸ்பாட்சர் அனுமதி தராமல் மெயின் லைனில் மட்டும் ஏறாதீர்கள்.

பெட்டிகளைப் பிரிக்க ஒரு மூங்கில் குச்சி தருவார்கள். அதைப் பெட்டிகளை இணைக்கும் கப்ளருக்கு நடுவில் இறக்கி லேசாகத் திருப்பினால் கழன்றுவிடும். விரல் போட்டுத் தூக்குவதை அங்கே 0-5-0 என்று கிண்டல் செய்வார்கள். பெட்டிகளை இடம் மாற்றும் ஷண்டிங் இன்ஜின்களைச் சக்கரக் கணக்கில் 0-4-0, 0-6-0 என்பார்கள். இது ஐந்து விரல் இன்ஜின். ரயில் தடம் புரண்டால் த்ராட்டிலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். படம் எடுக்கவும் அவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: போட்டி அறை

இங்கே அவசரப்படாமல் நில்லுங்கள். போட்டிக்கு வைத்த ஒவ்வொரு மாதிரிக்கும் மொத்தம் 125 மதிப்பெண். அதில் கட்டுமானத்துக்கு 40, பூச்சுக்கும் எழுத்துக்கும் சேர்த்து 25, நிஜத்தோடு பொருந்துவதற்கு 25, நுணுக்கத்துக்கு 20. எல்லாவற்றையும் கையாலேயே செய்ததற்கு 15 மட்டும்தான். 87.5 வாங்கினால் மெரிட் அவார்டு. அதாவது கடையில் பாகங்களாக வாங்கிய கிட்டை ஒழுங்காக ஒட்டிப் பூசினாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று. நடுவர்கள் அருகில் இருந்தால் கேளுங்கள், எங்கே மதிப்பெண் போயிற்று என்று ஆசையாகச் சொல்வார்கள்.

படி 6: வாங்குவது

பழைய பொருள் மேசைகளும் ஏலமும் இருந்தால் கடைசி நாள்வரை கையைக் கட்டிக்கொள்வது சிரமம்தான். ஆனாலும் லேஅவுட்களைப் பார்த்த பிறகு வாங்குங்கள். பழைய இன்ஜின் என்றால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியில் ‘டிசிசி ரெடி’ என்று போட்டிருந்தால், டிசிசி கட்டளையை வாங்கும் டீகோடர் பொருத்த வழி விட்டிருக்கிறார்கள், டீகோடர் உள்ளே இல்லை என்று அர்த்தம். அதற்குத் தனிச் செலவு. இருவரும் ஒரே அளவில் வாங்குங்கள். ஒருவர் எச்ஓ, மற்றவர் ‘என்’ என்று போனால் ஒருவர் ரயில் மற்றவர் தண்டவாளத்தில் ஏறாது.