தேய்ந்த காசு, அடிபட்ட காசு: செய்யக்கூடாதவை

கைமாறிக் கைமாறி எழுத்து மழுங்கினால் அது தேய்மானம். வளைந்தது, துளை விழுந்தது, தீயில் கருகியது எல்லாம் சேதம். இரண்டையும் ஒரே பையில் கொட்டி வங்கியில் நீட்டுவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. எந்தக் காசு, என்ன மதிப்பு என்று அடையாளம் தெரியும்வரை தேய்ந்த காசுக்கு முகமதிப்பு பொதுவாகக் கிடைத்துவிடும். சேதமானதைத் தனியே ஆராய்வார்கள். வேண்டுமென்றே சிதைத்த யூரோ காசு என்று தெரிந்தால் பணம் தர மறுக்கவும் விதியில் இடமுண்டு. உருகி ஒன்றோடொன்று ஒட்டிய காசுகளையும், வெவ்வேறு உலோகக் காசுகளைக் கலந்து கொடுப்பதையும் அமெரிக்க நாணயச்சாலை ஏற்பதில்லை. ஆகவே வகைவாரியாகப் பிரித்துக் கட்டுங்கள்.

பலர் செய்யும் பெரிய தவறு, புளியும் எலுமிச்சையும் போட்டுத் தேய்ப்பது. அமிலம் அழுக்கோடு உலோகத்தையும் சேர்த்து அரிக்கும். 1982க்குப் பிந்தைய அமெரிக்க ஒரு சென்ட் காசை எடுத்துப் பாருங்கள். வெளியே மெல்லிய செம்புப் பூச்சு, எடையில் 97.5 சதவீதம் துத்தநாகம். விளிம்பில் ஒரு கீறல் போதும், ஈரம் புகுந்துவிடும். உள்ளே துத்தநாகம் வெண்பொடியாக மாற, மேலே செம்புத்தோல் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதன்பிறகு எதைப் போட்டாலும் திரும்பாது. பூச்சுள்ள எஃகுக் காசென்றால் துரு. பழங்காசாக இருந்தால் நஷ்டம் இன்னும் கூடுதல்: தேய்த்துப் பளபளப்பாக்கியதைச் சேகரிப்பவர்கள் ஒரே பார்வையில் கண்டுபிடித்து விலையைக் குறைத்துவிடுவார்கள். மண்தான் பிரச்சினை என்றால் வெறும் தண்ணீரில் ஊறவைத்து, மென்மையான துணியால் ஒற்றியெடுங்கள்.

வளைந்த காசைச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, காசு போட்டுப் பொருள் வாங்கும் இயந்திரத்தில் போடுவது வீண்வேலை. அந்த இயந்திரம் காசின் முகப்பிலுள்ள படத்தைப் பார்ப்பதில்லை. விட்டம், தடிமன், உலோகத்தின் மின்காந்தத் தன்மை ஆகியவற்றைத்தான் அளக்கிறது. அடி விழுந்த இடம் பரந்து விட்டம் கூடிவிடுவதால் காசு உள்ளே சிக்கிக்கொள்ளும். இரு உலோகக் காசில் நடுவட்டு கழன்றால் பசை போட்டு ஒட்டவும் வேண்டாம், ஒரு பாதியை வீசவும் வேண்டாம். இரண்டையும் சேர்த்தே கொடுங்கள்.

"உலோகத்துக்கே நல்ல விலை வருமே" என்று உருக்க நினைப்பவர்கள் முதலில் சட்டத்தைப் பார்க்கட்டும். செம்பு, நிக்கல் விலை ஏறியபோது, 2006 டிசம்பரில் அமெரிக்கா 1 சென்ட், 5 சென்ட் காசுகளை உருக்கத் தடை போட்டது.

உருக்கும் வேலை நாணயச்சாலையைச் சேர்ந்தது. கழித்த காசுகளை அங்கே மறுபடி செலவழிக்க முடியாதபடி உருளைகளுக்கிடையே நெளித்து, அதன்பிறகே உலைக்கு அனுப்புவார்கள்.