ஆய்வுக் கோப்புகளுக்கு கூகுள் டிரைவ்: முதல் நாளிலிருந்து சரியாகத் தொடங்குவது எப்படி?

முனைவர் பட்ட ஆய்வு செய்கிற யாருடைய பென்டிரைவைத் திறந்தாலும் இப்படி ஒரு வரிசை இருக்கும்: 'இயல் 3 ஃபைனல்', 'இயல் 3 ஃபைனல் புதுசு', 'இயல் 3 கைடு திருத்தியது'. எது கடைசி என்று எழுதியவருக்கே தெரியாது. இந்தக் குழப்பத்திலிருந்து வெளியே வரத்தான் இந்தச் செய்முறை. கோப்புகளை இணையத்தில் சேமித்து வைக்கும் கூகுள் டிரைவையே எடுத்துக்கொள்கிறேன். ஜிமெயில் வைத்திருக்கும் எல்லாருக்கும் அது ஏற்கெனவே கையில் இருக்கிறது. இலவசமாக 15 ஜிபி கிடைக்கும். ஜிமெயில், ஃபோட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் சேர்த்துத்தான் அந்த 15 ஜிபி என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

முதல் படி: ஃபோல்டர்கள்

எதையும் இன்ஸ்டால் செய்வதற்கு முன், டிரைவில் 'ஆய்வு' என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதற்குள் நான்கு: 01_மூலத்தரவு, 02_பகுப்பாய்வு, 03_எழுத்து, 04_படித்தவை. முன்னால் எண் இருந்தால் வரிசை கலையாது. கோப்பின் பெயரில் தேதி சேர்க்கும்போது ஆண்டை முதலில் எழுதுங்கள்: 2025-03-14_நேர்காணல்_05. நாளின் எண்ணை முதலில் எழுதினால் ஜனவரியும் டிசம்பரும் கலந்து நிற்கும். மூலத்தரவு ஃபோல்டரில் இருப்பதை ஒருபோதும் திருத்தாதீர்கள். நகல் எடுத்து 02-க்குள் வைத்து வேலை செய்யுங்கள்.

இரண்டாம் படி: கணினியோடு இணைப்பது

'கூகுள் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்' என்ற செயலியை கூகுள் தளத்திலிருந்து இறக்கி, உங்கள் கணக்கில் உள்நுழையுங்கள். விண்டோஸ், மேக் இரண்டிலும் ஓடும். லினக்ஸுக்கு கூகுள் இதைத் தருவதில்லை. அப்புறம் அமைப்புகளில் 'ஸ்ட்ரீம்', 'மிரர்' என்று இரண்டு வழிகள் தெரியும். ஸ்ட்ரீமில் கோப்புகள் இணையத்தில்தான் இருக்கும், திறக்கும்போது மட்டும் வரும். டிஸ்கில் இடம் மிச்சம், ஆனால் ஆஃப்லைனுக்கு என்று முன்பே குறித்து வைக்காத கோப்புகளை நெட் இல்லாமல் நம்ப முடியாது. மிரரில் எல்லாக் கோப்புகளும் கணினியிலும் இருக்கும், இணையத்திலும் இருக்கும். லேப்டாப்பில் இடம் இருந்தால் மிரரையே தேர்ந்தெடுங்கள். களப்பணிக்குப் போகிற ஊரில் சிக்னல் இருக்கும் என்று நம்பி உட்கார முடியாது.

இங்கே பலரும் ஏமாறுகிற ஓர் இடம் உண்டு. கூகுள் டாக்ஸில் எழுதிய இயல் உங்கள் கணினி ஃபோல்டரிலும் ஒரு கோப்பாகத் தெரியும். அதைப் பென்டிரைவில் காப்பி செய்தால் போவது எழுத்து அல்ல, அந்த ஆவணத்தின் முகவரி மட்டும்தான். எழுத்தே வேண்டுமென்றால் டாக்ஸைத் திறந்து, 'டவுன்லோடு' வழியாக வேர்டு கோப்பாக எடுக்க வேண்டும்.

மூன்றாம் படி: பகிர்வது

ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து 'ஷேர்' கொடுத்து, பகிர வேண்டியவரின் மின்னஞ்சலை எழுதுங்கள். 'லிங்க் உள்ள யாரும் பார்க்கலாம்' என்ற வழி சுலபம்தான். ஆனால் அந்த லிங்க் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்குள் போய்விட்டால் பிறகு யார் பார்க்கிறார்கள் என்பது நம் கையில் இல்லை. கைடுக்கு 'கமென்டர்' போதும். அவர் குறிப்பு எழுதலாம், வரியை மாற்ற முடியாது. சேர்ந்து எழுதுபவருக்கு 'எடிட்டர்'. மூலத்தரவுக்கு எல்லாருமே 'வியூவர்'தான். மேல் ஃபோல்டரைப் பகிர்ந்தால் உள்ளே இருப்பதெல்லாம் சேர்ந்தே போகும். அதனால் கைடுக்கு 03-ஐ மட்டும் பகிருங்கள், 'ஆய்வு' முழுவதையும் அல்ல.

நான்காம் படி: கோப்பு யாருடையது?

இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு இழப்பு தேவைப்பட்டது. என்னோடு களப்பணி செய்த நண்பர் 11 நேர்காணல் ஒலிப்பதிவுகளை என் ஃபோல்டரில் ஏற்றினார். என் ஃபோல்டர், ஆகவே என் கோப்பு என்று நினைத்துக்கொண்டேன். அவர் படிப்பு முடிந்து வெளியேறினார்; பல்கலைக்கழகம் கொடுத்த அவருடைய கணக்கு மூடப்பட்டது. ஒருநாள் ஃபோல்டரைத் திறந்தால் ஒலிப்பதிவுகள் எதுவும் இல்லை. பேசியவர்களில் ஒரு பாட்டி அதற்குள் இறந்தும் போயிருந்தார். அவர் குரல் திரும்பக் கிடைக்கவே இல்லை.

தனிநபர் கணக்கின் ஃபோல்டருக்குள் யார் ஏற்றுகிறார்களோ, கோப்பின் உரிமையாளர் அவர்தான். இடம் கழிவதும் அவர் கணக்கில்தான். ஆகவே மற்றவர்கள் ஏற்றுகிற தரவை உடனே இறக்கி, உங்கள் கணக்கிலிருந்து மறுபடி ஏற்றி வையுங்கள். இருவருமே ஜிமெயில் வைத்திருந்தால் ஷேர் பகுதியிலேயே உரிமையை மாற்றித் தரலாம். பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து வெளி ஜிமெயிலுக்கு அப்படி மாற்ற முடியாது. படிப்பு முடிவதற்கு முன்பே எல்லாவற்றையும் இறக்கிக்கொள்வதுதான் வழி.

ஐந்தாம் படி: அழிந்தால்?

ஒத்திசைவு என்பது காப்புநகல் அல்ல. லேப்டாப்பில் அழித்தால் இணையத்திலும் அழியும், கூட வேலை செய்பவரின் திரையிலிருந்தும் போகும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் மீட்கலாம். வேர்டு கோப்பில் தவறாக எதையாவது சேமித்துவிட்டால், டிரைவ் தளத்தில் அந்தக் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து 'மேனேஜ் வெர்ஷன்ஸ்' பாருங்கள். பழைய வடிவங்கள் பொதுவாக 30 நாள்வரை இருக்கும். முக்கியமான வடிவத்துக்கு 'கீப் ஃபாரெவர்' கொடுத்துவிடுங்கள். இதற்கு மேல், வாரம் ஒருமுறை ஒரு வெளி ஹார்டுடிஸ்கில் முழு ஃபோல்டரையும் காப்பி எடுங்கள்.

பேசியவர்களின் பெயர், நோய், சாதி, முகவரி போன்றவை உள்ள கோப்புகளை அப்படியே ஏற்றாதீர்கள். 'கிரிப்டோமேட்டர்' என்ற இலவச மென்பொருள் கோப்பை உங்கள் கணினியிலேயே பூட்டி, பூட்டியதைத்தான் டிரைவுக்கு அனுப்பும். கடவுச்சொல்லோடு மீட்புச் சாவியையும் தொலைத்தால் யாராலும் திறக்க முடியாது. இரண்டையும் தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு சோதனை. பகிர்ந்த ஃபோல்டரின் லிங்க்கை எடுத்து, பிரவுசரில் இன்காக்னிட்டோ சன்னலை (உங்கள் கணக்கு உள்நுழையாத தனிச் சன்னல்) திறந்து ஒட்டுங்கள். உள்நுழையச் சொன்னால் சரி. ஃபோல்டர் நேராகத் திறந்துவிட்டால், ஷேருக்குப் போய் 'ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்றிவிட்டு மறுபடி ஒட்டிப் பாருங்கள்.