ஆர்மோனியத்தில் ‘தின்த்தா றோஹா’

‘தின்த்தா றோஹா’ என்றால் ஸ்பானிஷில் சிவப்பு மை. செபாஸ்தியான் பியானா மெட்டமைத்து, காத்துலோ காஸ்தீஷோ எழுதிய 1941-ஆம் ஆண்டு டாங்கோ, அர்ஜென்டினாவின் ஆட்டப்பாட்டு. செங்கல் மதில், சிவப்புத் தபால் பெட்டி, தொலைவிலுள்ள காதலை நினைத்து இத்தாலிக்காரன் அழுத மதுக்கடை. இவை எங்கே, என் பிள்ளைப் பருவத்தைத் திருடியது யார் என்று கேட்கும் பாட்டு.

முதலில் உச்சரிப்பு. களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்து நாக்குக்கு இது பாதி வேலைதான். ‘றோஹா’வின் றகரம் நம் ‘றோடு’ போல அதிர வேண்டும். ‘பரெதோன்’ (மதில்) என்பதில் ஒரு தட்டுப் போதும். ‘நிஞேஸ்’ (பிள்ளைப் பருவம்) ஞாயிற்றின் ஞகரம். ‘நின்யேஸ்’ என்று உடைக்காதீர்கள். ‘அஷேர்’ (நேற்று) புவனெஸ் அயர்ஸ்காரர் வாய்மொழி. பாடப்புத்தக ஸ்பானிஷின் ‘அயேர்’ இங்கே ஒட்டாது.

இனி ஆர்மோனியம். டாங்கோவின் கைத்துருத்தி வாத்தியமான பாண்டோனியனில் துருத்தியை வெட்டி இழுத்தால் அடி விழும். நம் பெட்டியில் அது நடக்காது. உள்ளே இருக்கும் இரண்டாம் துருத்தி காற்றைச் சமப்படுத்திவிடும். எவ்வளவு குத்தினாலும் மூச்சிரைப்புதான் கேட்கும். துருத்தியைச் சீராகப் போட்டு, அழுத்தத்தை விரலில் வையுங்கள்: ஒரு பாருக்கு (நாலு எண்ணிக்கை கொண்ட ஒரு சுற்று) நாலு கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), ஒவ்வொன்றையும் அரை எண்ணிக்கையிலேயே தூக்கிவிட வேண்டும். ஒன்றும் மூன்றும் கனம். மெட்ரோனோமை நிமிடத்துக்கு 100 எண்ணிக்கையில் வைத்துத் தொடங்கலாம். சுருதிப் பெட்டி வேண்டாம். கார்டு மாறும்போதெல்லாம் அது முரண்டும்.

வயலின் இருந்தால், அடிக்கு அரை எண்ணிக்கை முன்பே கீழிருந்து இழுத்து, சத்தத்தை ஏற்றி, அடியில் வெட்டுங்கள். சுரத்துக்குச் சுரம் வழுக்கும் நம் ஜாருவைவிட முரடானது இது. கமகம் சேர்த்தால் முகாரியாகிவிடும்.

பெரும்பாலும் கெடுவது குரலில். சர்ச் குவயரில் பழகியவர்கள் அடிக்கு அடி நேராக வைப்பார்கள், பாட்டு அணிவகுப்பாகிவிடும். கச்சேரிக்காரர்கள் விருத்தம்போல இழுப்பார்கள், ஆர்மோனியமும் கூடவே காத்து நிற்கும். இந்த இரண்டாவது தவறுதான் மோசம். குரல் பிந்தலாம், முந்தலாம்; கார்டு ஒருபோதும் காத்திருக்கக் கூடாது. ஆர்மோனியக்காரர் பாடகரின் முகத்தைப் பார்க்காமல் வாசித்துப் பழகட்டும்.

முடிவு இரண்டே அடி: ஐந்தாம் கார்டு (பஞ்சமத்தின் மேல் அமைவது) பலமாக, ஒன்றாம் கார்டு (சட்ஜத்தின் மேல் அமைவது) மெல்ல. அதோடு விரலை எடுத்துவிடுங்கள்.