விரிசல் விட்ட ஓட்டு வீட்டில் மழைக்காலம்: முதலில் சுவரைப் பாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் ஆனி ஆடிச் சாரலும் உண்டு, ஐப்பசி கார்த்திகை அடைமழையும் உண்டு. பழைய மண்சுவர் முழுசாக உலர நேரமே கிடைப்பதில்லை. ஒழுகும் கூரைதான் முதலில் கண்ணில் படும். ஆனால் ஆளைக் கொல்வது சுவர்.

படி 1: விரிசலை அளப்பது
பூச்சில் மயிரிழையாக ஓடும் விரிசலுக்குப் பயப்பட வேண்டாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாகக் கிளம்பி, பென்சில் நுழையும் அளவுக்கு அகன்றிருந்தால் அது ஆபத்து. விரிசலின் இரு பக்கமும் ஒவ்வொரு புள்ளி வைத்து, இடைவெளியை ஸ்கேலால் அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுதுங்கள். மழை நாளில் காலையும் மாலையும் அளக்க வேண்டும். நூலில் கல் கட்டிச் சுவரோரம் தொங்கவிட்டால் சுவர் சாய்வதும் வயிறு தள்ளுவதும் தெரியும்.

படி 2: அடித்தளத்தை விட்டுத் தண்ணீரை விலக்குவது
இறவாரத் தண்ணீர் சுவரடியில் விழுந்தால் மண் இளகிச் சுவர் உட்காரும். சுவரிலிருந்து 3 அடி தள்ளி, ஓரடி அகலம், அரையடி ஆழத்தில் சரிவாகச் சால் வெட்டுங்கள். சுவரை ஒட்டி வெட்டவே கூடாது. அஸ்திவாரத்தைப் பிடித்திருக்கும் மண்ணே போய்விடும்.

படி 3: தார்ப்பாய்
மழை பெய்யும்போது ஓட்டில் ஏறாதீர்கள். ஓடு காய்ந்த நாளில், கீழே ஒருவர் ஏணியைப் பிடிக்க, கூரை உச்சியான மோட்டைத் தாண்டி மறுபக்கம் 3 அடி இறங்கும்படி தார்ப்பாயை விரியுங்கள். மோட்டோடு நிறுத்தினால் காற்று அடியில் புகுந்து தூக்கிவிடும். ஆணி அடித்த இடமெல்லாம் ஒழுகும். கல்லை அப்படியே வைத்தால் உருண்டு ஆள்மேல் விழும். மணல் மூட்டைகளைக் கயிற்றில் இணைத்து, மோட்டின் இருபுறமும் தொங்கவிடுங்கள்.

படி 4: முட்டு
தொய்ந்த உத்திரத்துக்குச் சவுக்குக் கம்பு போதும். கம்பின் அடியிலும் தலையிலும் பலகை வையுங்கள். அடிப்பலகை இல்லாவிட்டால் ஈரத் தரையில் கம்பு புதைந்து முட்டு சும்மா நிற்கும். ஆப்பை மெதுவாகத் தட்டி, இறுகியதும் நிறுத்துங்கள். உத்திரத்தை மேலே தூக்கப் பார்த்தால் சுவர் உடையும். சுவரே சாய்ந்திருந்தால் நீங்களாக முட்டுக் கொடுக்காதீர்கள், கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.

படி 5: இரவு
8 அடிச் சுவர் 8 அடி தூரத்துக்கு விழும். படுக்கையை அதற்கு அப்பால், வாசல் பக்கமாகப் போடுங்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் பிளாஸ்டிக் உறையில், கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். தண்ணீர் முற்றத்துக்கு வந்ததுமே, கால் நனையும் முன்பே, மெயின் சுவிட்சை அணைத்து சிலிண்டரையும் மூடுங்கள்.

படி 6: வெளியேறுவது
கதவு திடீரென்று இறுகுவது, மண் உதிர்வது, ஓடு சரிவது, விரிசல் கூடிக்கொண்டே போவது: இதில் ஒன்று தெரிந்தாலும் கிளம்பிவிடுங்கள். குழித்துறை, வைக்கல்லூர், மங்காடு பக்கம் ஆற்றோரம் இருப்பவர்கள் அணை நிலவரத்தையும் கேட்க வேண்டும். பேச்சிப்பாறை அணையின் முழு நீர்மட்டம் 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி. நம் ஊரில் மழை விட்டிருந்தாலும், மேலே அணையில் திறந்த தண்ணீர் நம் மாவட்டத்துத் தாமிரபரணியில் (குழித்துறை ஆற்றில்) வரும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077.

வெயில் அடித்ததும் உள்ளே ஓடாதீர்கள். தண்ணீர் குடித்துக் கனத்த சுவர் மழை விட்ட பிறகும் விழும். முதலில் வெளியே சுற்றி வந்து போட்டோ எடுங்கள், நிவாரண மனுவுக்கு அது வேண்டும். பிறகு வாசலில் நின்றபடி, படி 1-ல் வைத்த புள்ளிகளைப் பாருங்கள். அவை விலகியிருந்தால் கொத்தனார் வந்து பார்க்கும்வரை உள்ளே கால் வைக்க வேண்டாம்.